கந்தசட்டியும் குளிசையும்

நீர்வேலியில் உதயகலாவின் வாய்க்குப் பயப்படாத வியாபாரி இல்லை. வாழைக்குலையைக் குறைத்து விலை கேட்டால், தராசிலிருந்து தூக்கித் தோட்டத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்விடுவாள். அப்படிப்பட்டவளின் புருஷன் சிவகரன் ஒரு சாண் வேலிக்காக மறியலுக்குப் போனான். வேலி அடைக்கிற நாளில் பக்கத்துக் காணிக்காரன் கதியால் தடியை இவன் பக்கம் தள்ளி நட்டான். இவன் கையில் கத்தி இருந்தது. வாய்த்தர்க்கம் முற்றி வெட்டில் முடிந்தது. வெட்டு வாங்கியவன் தையலோடு வீட்டுக்கு வந்துவிட்டான், வெட்டியவன் வழக்கு முடியாமல் இன்னும் விளக்கமறியல் சிறையில் இருக்கிறான்.

உள்ளே போய்ச் சில மாதங்களில் அவனுக்கு இருமல் பிடித்தது. சளியைச் சோதித்துவிட்டுக் கசநோய் என்றார்கள். தனி அறையில் விட்டார்கள். மறியலில் தாதியாக இருக்கிற பிரதீபா மிஸ்ஸி காலையில் வந்து, முன்னால் நின்று மருந்துக் குளிசையை விழுங்க வைப்பார். வீட்டுக்காரி என்று உதயகலாவையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. அதைக் கேட்டபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வருத்தம் தொற்றியிருந்தால் அவன் விழுங்குகிற அதே குளிசையை அவளும் விழுங்கியிருப்பாளே! பைத்தியக்கார நினைப்புத்தான், ஆனால் நினைத்தாள்.

அவன் வீட்டில் இருந்த காலத்தில் அவன் குறட்டைக்கு அவள் திட்டாத நாளில்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் வைப்பதற்குத் தனியாக வேறு திட்டு விழும். இப்போது அந்தக் கோப்பை கழுவினபடியே கிடக்கிறது. அந்தப் பாவி வந்து அதை ஊத்தையாக்கமாட்டானா என்று ஏங்கினாள். வாழைக்குத் தண்ணீர் கட்டும்போது, மறு தலைப்பில் மண்வெட்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகவே போய்விடும்.

மருந்து வேலை செய்கிறது, மிச்சத்தை வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்று டொக்டர் எழுதித் தந்தால், அடுத்த வழக்குத் தவணையில் பிணை கேட்கலாம் என்றார் சட்டத்தரணி. அவள் அதோடு விடாமல் முருகனையும் பிடித்துக்கொண்டாள்.

"கந்தசட்டி வருகுது. நானும் பிடிக்கிறன், நீங்களும் பிடியுங்கோ. கட்டாயம் வீட்டை வருவியள்" என்று கம்பிவலைக்கு இந்தப்பக்கம் நின்று சொன்னவள் அவள்தான்.

விரதம் முடிந்த அன்று, பாறணைச் சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு மறியலுக்குப் போனாள். சிவகரன் முகக்கவசத்தோடு வலைக்கு அந்தப்பக்கம் வந்து நின்றான். கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. கண்ணில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆறு நாளும் பச்சைத்தண்ணியோடை பிடிச்சிட்டன் கலா. முருகன் கண் திறந்திட்டான். சலத்திலை இருந்த சிவப்பும் போயிட்டுது. வருத்தம் கழண்டிட்டுது."

அவளைச் சோதித்த அன்று பிரதீபா மிஸ்ஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சிறுநீரைச் சிவப்பாக்குவது குளிசை, சிவப்பு இருக்கும்வரை பயமில்லை. விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எந்தக் குளிசைக்கும் அடங்காமல் போகலாம் என்றும் சொன்னார்.

"குளிசை போட்டனீங்களோ?"

"வெறும் வயித்திலை போட்டால் பிரட்டும். பிறகு ஏதேன் தின்னவேணும். விரதம் என்னத்துக்காகிறது? நாக்குக்குக் கீழை வைச்சிருந்து, மிஸ்ஸி போனாப்பிறகு துப்பிப்போட்டன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ கேட்டனி, நான் பிடிச்சன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நாளையிலை இருந்து ஒழுங்காப் போடுவன். தவணை கிட்ட வந்திட்டுது."

அவளுக்காகப் பட்டினி கிடந்தவனிடம் சோற்றைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வாய் பேசாமல் இருந்தால் போதும், அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரே பாயில் படுப்பான், குறட்டை விடுவான். கால் வாசல்பக்கம்தான் இழுத்தது. ஆனால் அந்தக் கன்னம் ஒட்டின முகம் விடவில்லை. வந்தபின் ஒரு வருஷத்தில் அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, முருகனை யார் கேட்பது? தன்னைத் தானே திட்டிக்கொண்டு மருந்து அறைக்குத் திரும்பினாள்.

"மிஸ்ஸி, அவர் விரதம் முழுக்கக் குளிசை போடேல்லை. நான்தான் பிடிக்கச் சொன்னனான். அவரைப் பேசாதேங்கோ."

பிரதீபா மிஸ்ஸி அவனுடைய மருந்து அட்டையை எடுத்தார். "திரும்பச் சளி சோதிக்கவேணும். டொக்டர் இப்ப எழுதித் தரமாட்டார். தெரியுந்தானே?"

"ஓம், தெரியும்" என்றவள் அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதாள்.

டொக்டர் எழுதித் தரவில்லை, பிணையும் கிடைக்கவில்லை. அடுத்த கிழமை அவள் சாப்பாட்டோடு போனபோது வலைக்கு அந்தப்பக்கம் ஒருவரையும் காணவில்லை. காவலர் செபநாயகம் தயங்கித் தயங்கி வந்தார்.

"தங்கச்சி, அவர் வரமாட்டாராம். நீர்தான் காட்டிக் குடுத்தனீராம்."

"வரவேண்டாம் அண்ணை. இண்டைக்குக் குளிசை போட்டவரோ எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ."

செபநாயகம் உள்ளே போனார். அவள் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது.

"ஓமாம்" என்றார்.

அவன் அதைக் கோபத்தோடு சொன்னானா, சாதாரணமாகச் சொன்னானா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைச் செபநாயகத்திடம் கொடுத்தாள். அதற்கு அடுத்த கிழமையும் வந்தாள். அவன் அன்றும் வரவில்லை. அவள் அதே குளிசைக் கேள்வியைக் கேட்டனுப்பி, பதில் வரும்வரை நின்றாள்.