பொட்டு வைத்த குழாய்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எனக்குக் கொஞ்சம் கொல்லை இருக்கிறது. அதில் மல்லாட்டை போட்டிருந்தேன். டவுன்காரர்கள் நிலக்கடலை என்பார்கள், அதேதான். ஐப்பசியில் காய் முற்றுகிற நேரத்துக்குச் சரியாக மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவிடும். பாதையில் நடக்கிறவர்கள் புண்ணியம் என்று பிஸ்கட்டும் வாழைப்பழமும் போட்டு அவற்றைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு குரங்குகள் என் கொல்லைக்கு வரும். செடியை வேரோடு பிடுங்கும், நாலு காயைக் கடிக்கும், அடுத்த செடிக்குப் போகும். புண்ணியம் அவர்களுக்கு, நஷ்டம் எனக்கு.

நான் சும்மா இருக்கவில்லை. புலி பொம்மை வாங்கி வைத்தேன். ரெண்டு நாளில் ஒரு தாய்க் குரங்கு அதன் முதுகில் உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்தது. புலி உறுமுகிற ஸ்பீக்கர் கட்டினேன். பாட்டுக் கச்சேரி மாதிரி கேட்டுக்கொண்டே தின்றன.

கடைசியில் என் அண்ணன்தான் ஒரு வேட்டுக் குழாய் கொண்டுவந்து கொடுத்தார். அவர் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ரிட்டயர் ஆனவர். கையளவு தடிமனான பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். உள்ளே குண்டு கிடையாது. வெறும் சத்தம். சண்டையில் பாதி வேலையைச் சத்தமும் பயமும்தான் செய்யும் என்றார். அந்தக் காலத்தில் கோட்டைக்குள் தேன்கூட்டைத் தூக்கி வீசினார்களாம். எதிரியின் யானையை மிரட்டப் பன்றிமேல் தீயை வைத்து ஓட்டினார்களாம். இப்போது சில நாட்டு ராணுவங்களில் ஒலியை மட்டும் பாய்ச்சிக் கூட்டத்தைக் கலைக்கிற எந்திரம் இருக்கிறது, போனில் எனக்குக் காட்டினார். நம்முடையதும் அதே ரகம், விலைதான் கம்மி என்று சிரித்தார். குழாய்க்குப் பீரங்கி என்றே பேர் வைத்துவிட்டார்.

வேலை செய்தது. ஒரு சத்தம் போட்டால் அன்றைக்குப் பூராவும் குரங்கு வராது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, களைக்கொத்து, மோட்டார், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது குழாய்க்கும் வைத்தேன்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு முதல் நாள் ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்குப் போட்டவர், சின்ன வயசு. கூட ஒரு உள்ளூர் கான்ஸ்டபிள். பாதையில் போன யாரோ குண்டு வெடித்தது என்று போன் செய்துவிட்டார்களாம். குழாயைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு எதுக்கும்மா வச்சிருக்கீங்க?"

"ஆயுத பூஜைக்கு வச்சது சார்."

"அப்ப ஆயுதம்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

எனக்கு வந்ததே கோபம். "உங்க ஸ்டேஷன்ல ஜெராக்ஸ் மிஷினுக்குப் பொட்டு வைக்கலியா சார்? அத தூக்கிக்கினு போய் யாரைச் சுட்டீங்க?"

கான்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்வெர்ட்டருக்கு மாலையே போட்டோம்" என்று முணுமுணுத்தார்.

சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நாளைக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும், திடீரென்று சத்தம் கேட்டு ஓடினால் காலடியில் எத்தனை பேர் சாவார்கள் என்று கேட்டார். அது நியாயம். பௌர்ணமி முடிகிற வரைக்கும் எடுத்துப் போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரு பேப்பரை நீட்டி, ஆயுதத்தை நானாக ஒப்படைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். முடியாது என்றேன். அந்த வார்த்தையை எழுதினால் குழாய் திரும்பி வராது. நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் நான் வீட்டில் ஆயுதம் வைத்திருந்தவள். குழாய் என்று எழுதுகிறேன், குரங்கு ஓட்டுவது என்று எழுதுகிறேன், அதற்குமேல் ஒரு எழுத்தும் கிடையாது என்றேன். கையெழுத்து இல்லாமலே தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் பாதையில் ஜனம் நிறைந்துவிட்டது. கொல்லையில் குரங்கு நிறைந்துவிட்டது. தட்டை அடித்தேன், கத்தினேன், மண்ணாங்கட்டியை எறிந்தேன். ஒரு பக்கம் ஓட்டினால் மறுபக்கம் இறங்கின. அந்த மல்லாட்டையை விட்டால் அந்த வருஷத்துக்கு எனக்கு வேறு வெள்ளாமை இல்லை. பிடுங்கிப் போட்டிருந்த செடிகளை வாரிக்கொண்டு போய்ப் போலீஸ் கூடாரத்தில் அவர் மேஜைமேல் போட்டேன்.

என்ன வேண்டும் என்றார். குழாயைக் கொடுங்கள், இல்லாவிட்டால் குரங்கு ஓட்ட ரெண்டு போலீஸ் போடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கூட்டத்தைப் படம் எடுக்க வைத்திருந்த ட்ரோனை என் கொல்லைப் பக்கம் விடச் சொன்னார். அதுவும் சண்டைக்குப் போய்ப் பழகிய சாமான்தானே. அதற்கு யாரும் பேப்பர் நீட்டவில்லை. முதலில் குரங்குகள் சிதறின. கொஞ்ச நேரத்தில் வேலிமேல் வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தன. அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ட்ரோன்காரர் இறக்கிவிட்டார்.

"மைக் இருக்குதில்ல சார்? முன்னாடியே சொல்லிடுங்க. ஜனம் பயப்படாது. ஒரே தடவை அடிக்கிறேன்."

நான் அங்கிருந்து நகரவில்லை. மேஜையில் கிடந்த செடிகளை அவர் பார்த்தார். ஒரு பிஞ்சுக் காயை நசுக்கியும் பார்த்தார். மைக்கை எடுத்தார்.

"பக்தர்கள் கவனத்துக்கு. இப்ப ஒரு சத்தம் கேக்கும். அது விவசாயிங்க குரங்கு ஓட்டுற குழாய். யாரும் பயப்பட வேணாம், ஓட வேணாம்." மூன்று முறை சொன்னார். பாதையில் போன சிலர் குழந்தைகளின் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

கான்ஸ்டபிள் குழாயை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கூடவே வர, கொல்லைக்கு நடுவில் நின்று மலையைப் பார்த்து அடித்தேன். சத்தம் மலையில் மோதித் திரும்பியது. ஒருவரும் ஓடவில்லை. கோயில் வேட்டு என்று நினைத்தார்களோ என்னவோ, பாதை முழுக்க அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கோஷம் எழுந்தது. குரங்குகள் வேலியைத் தாண்டி மலை ஏறிவிட்டன.

சப் இன்ஸ்பெக்டர் வரப்பில் நின்றிருந்தார். கையில் நேற்றைய பேப்பர். ஏதாவது ஒன்று எழுதிக் கொடுத்தால்தான் தன் தலை தப்பும் என்றார்.

"நீங்க மைக்ல சொன்னீங்களே சார், அதையே எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

எழுதினார். போட்டேன்.