ஏழாவது போல்ட்

இஞ்சினின் தலைப்பகுதியை, அதாவது ஹெட்டை, அடிப்பகுதியான பிளாக்கின் மேல் வைத்து இறுக்கும் போல்ட்டுகளில் இரண்டு ரகம் உண்டு. சில போல்ட்டுகளின் ஓட்டை, பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் இடத்தில் போய்த் திறக்கும். அந்த மரையில் சஃபேதா என்கிற வெள்ளைப் பசையைப் பூசாவிட்டால் தண்ணீர் மரை வழியாக ஏறி வெளியே வரும். மற்ற ஓட்டைகளுக்கு அடி உண்டு. அந்தப் போல்ட்டுகளுக்கு எண்ணெய் போதும், அதையும் மரையில் விரலால் தடவ வேண்டும். ஓட்டைக்குள் ஊற்றினால் போல்ட் இறங்கும்போது எண்ணெய்க்குப் போக இடம் இருக்காது. எண்ணெயோ தண்ணீரோ நசுங்காது. இரும்புதான் பிளக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அறுபதுகளில் மாட்டுங்காவையும் தாராவியையும் பிரிக்கும் தண்டவாளத்துக்குத் தாராவிப் பக்கம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். என் மனைவியின் அண்ணனும் அங்கேதான் இருந்தார். எனக்கு முன்னால் பம்பாய்க்கு வந்து, எனக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர். என்னை விட நாலு வயது மூத்தவர், இரண்டு பெண்குழந்தைகள். முதலாளி மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுப் பக்கம் பூர்வீகம். கையில் கிரீஸ் படாமல் தொழில் நடத்தத் தெரிந்தவர்.

ஆயுத பூஜைக்கு அங்கே எல்லாச் சாமானையும் குளிப்பாட்டுவோம். பானா என்கிற ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வரிசையாக நிற்கும். அந்த வருஷம் மேஜைமேல் ஒரு டீசல் இஞ்சின் பிளாக் ஹெட் இல்லாமல் திறந்து கிடந்தது. அதையும் குளிப்பாட்ட வேண்டும் என்றார் முதலாளி. மச்சான்தான் சொம்பில் மஞ்சள் தண்ணீரை எடுத்து ஊற்றினார். எல்லோரும் பார்த்தோம். பிறகு சந்தனம், குங்குமம், கேந்திப்பூ மாலை.

பூஜை முடிந்து எல்லோரும் பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது மச்சான் ஒரு கம்பியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு ஓட்டையாக விட்டுத் துடைத்ததை நான் மட்டும் பார்த்தேன். ஒரு சுற்று முடித்து, துணியை மாற்றி, மறுபடியும் துடைத்தார்.

"என்னவே மச்சான், பிள்ளைக்குக் காது கொடயுத மாதிரி கொடயுதீரு?" என்றேன்.

"சிரியும்வே. நாளைக்கு இறுக்கப் போறது நீருதான."

மறுநாள் விஜயதசமி. முதலாளி காலையிலேயே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

"பத்தரைக்குள்ள ஹெட்டை மாட்டி முடிச்சுடணும்பா. அதுக்கப்புறம் நேரம் நன்னா இல்லை."

நேரம் நன்றாக இல்லையாம். அந்த ஆளையும் அந்தக் கைக்கடிகாரத்தையும் நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் ஊற்றியது அவர் கை இல்லை. சஃபேதா பூச வேண்டியதற்கு ஒழுங்காகப் பூசினேன். மற்றதற்கு விரலால் தடவப் பொறுமை இல்லாமல், எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்து ஓட்டை ஓட்டையாக விட்டுக்கொண்டே போனேன். ஏழாவதில் கை தாராளமாகிவிட்டது. ஹெட்டை வைத்து, நடுவிலிருந்து வெளியே இறுக்கிக்கொண்டு வந்தேன். ஏழாவதில், இறுக்கத்தை அளந்து காட்டும் பானாவின் முள் சரியான அளவைக் காட்டியது, போல்ட்டின் தலை மட்டும் உட்காரவில்லை. அங்கேயே நிறுத்திக் கழற்றியிருக்க வேண்டும். முள் காட்டும் பானாவை வைத்துவிட்டு, சாதாரணப் பானாவை மாட்டி, அதில் குழாயைச் செருகி இழுத்தேன்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். பிளாக்கின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு விரிசல்.

முதலாளி டீ சொல்ல வெளியே போயிருந்தார். போல்ட்டைக் கழற்றினேன். விரிசல் வழியாகக் கசிந்தது சுத்தமான எண்ணெய். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து, கசிந்ததையும் ஓட்டையில் மிச்சம் இருந்ததையும் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன்.

"ஓட்டையில தண்ணி நின்னிருக்கு சார்" என்றேன்.

அவர் மச்சானைப் பார்த்தார். "நேத்து தண்ணி ஊத்தினது நீதானே?"

"தொடச்சேன் சார்."

"எல்லா ஓட்டையும் தொடச்சியா? நிச்சயமா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நேற்று நான் கேலி செய்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். நான் பானாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தொடச்சேன்னுதான் நெனைக்கேன் சார்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் முதலாளி. மச்சான் சண்டை போடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, போகும்போது என்னிடம், "ஒம்ம பேரையும் கெடுக்கப் பாத்தேனே மாப்ள" என்றார்.

வீட்டில் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்கண்ணன் தொடைக்காம விடுத ஆளா?"

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?" என்று கத்தினேன். எங்கள் வீட்டு வரிசையே எட்டிப் பார்த்தது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் வேலையில்லாமல் அலைந்து, மச்சானுக்கு உல்லாஸ்நகரில் ஒரு சிந்திக்காரரின் ஷெட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ரயில் ஏறினேன். கல்யாண் தாண்டும்வரை வார்த்தைகளைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

ஞாயிறும் வேலையில்தான் இருந்தார். முன்னால் ஒரு பிளாக், ஹெட் மாட்டத் தயாராக. கையில் அதே மாதிரி துணி சுற்றிய கம்பி. ஆள் மெலிந்திருந்தார்.

"வாரும் மாப்ள, நல்ல நேரத்துல வந்தீரு" என்று கம்பியை என்னிடம் நீட்டினார். "மூணு வாட்டி தொடச்சிட்டேன். நீரும் ஒருக்கா பாத்துச் சொல்லும். என் கண்ண நானே நம்புறதில்ல இப்பம்."

வாங்கி, ஒவ்வொரு ஓட்டையாக விட்டுப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே வந்தது.

"காஞ்சிருக்கு மச்சான்" என்றேன்.

"நெசமாவா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெசமா" என்றேன்.

"அப்பம் சரி" என்று முதல் போல்ட்டை எடுத்து, மரையில் விரலால் எண்ணெய் தடவ ஆரம்பித்தார்.