நாற்பத்தோராவது அறை

என்னிடம் இருக்கும் குறிப்பேடுகளில் மிகப் பழையது ஒரு நாற்பது பக்க நோட்டு. பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சாகியிருக்கும். முதல் பக்கத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன்: "1ஆம் அறை. மூன்று கதவு. இடது கதவில் பூட்டு. வலது கதவில் நாய். நடுக்கதவு சரி." நாள்தோறும் எதையாவது எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அந்த வரியிலிருந்துதான் தொடங்கியது. எடுத்துப் பார்ப்பவர்களுக்கு அது என்ன அறை, எந்த நாய் என்று விளங்காது. ஆகவே முறைப்படி சொல்கிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, அண்ணன் ஏழாம் வகுப்பு. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் தறி இருந்தது. கூடத்தை ஒட்டிய சிறிய அறையில் அந்த வருடம் சித்தி வந்து படுத்திருந்தாள். சித்தி அம்மாவின் தங்கை, ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் காலமாகிவிட்டதால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு.

அதற்கு முன்பும் இரண்டு முறை சித்தி பிரசவத்துக்கென்று வந்திருக்கிறாள். இரண்டு முறையும் எல்லோரும் சொன்ன மாதத்துக்கு வெகு முன்பே, வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவள் பஸ் ஏறப் போனபோது அம்மா வாசலுக்கு வராமல் சமையற்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்த வேண்டும். மார்கழி பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் பயமில்லை. மாதக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அம்மா மஞ்சளால் ஒரு வட்டம் போட்டாள். தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் ஒருவரைப் படுக்கவைப்பது எனக்கும் அண்ணனுக்கும் பெரிய வேடிக்கையாக இருந்தது.

சித்தி ‘நைனா’ என்று சொல்லும் எங்கள் தாத்தா பட்டுப் புடவைகளுக்குப் பூ வரைந்து கொடுத்தவர். சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டி மயிலையும் அன்னத்தையும் வரவழைப்பார். நிறம் தீட்டும் வேலையைச் செய்தபடி வளர்ந்தவர்கள் அம்மாவும் சித்தியும். ஐப்பசி மழையில் பள்ளிக்கூடம் பாதி நாள் லீவாகி, நாங்கள் தறியைச் சுற்றி ஓடி அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், சித்தி ஒரு கிராஃப் தாளும் கலர் பென்சிலும் கேட்டாள். நான்கு நாள் எதையோ போட்டுப் போட்டு அழித்தாள். கார்த்திகை முதல் தேதி எங்கள் இருவரையும் கூப்பிட்டாள்.

"ஒரு கோட்டை இருக்குது. அதுல நாப்பத்தியோரு அறை. கடைசி அறைக்குள்ள யாரு மொதல்ல போறாங்களோ அவங்க கெலிச்சாங்க."

"கோட்டை எங்க சித்தி இருக்குது?" என்றான் அண்ணன்.

"எந் தலகாணிக்குக் கீழ."

ஆட்டம் இதுதான். ஒருவர் ஆடும்போது மற்றவர் கூடத்துக்குப் போய்விட வேண்டும். சித்தி தாளை மார்பின்மேல் எங்களுக்குத் தெரியாதபடி சாய்த்து வைத்துக்கொண்டு, நாம் எந்த அறையில் நிற்கிறோம், எதிரே என்ன இருக்கிறது என்று சொல்வாள். "என்னா பண்ற?" என்று கேட்பாள். நாம் செய்வதைச் சொன்னால் அதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்வாள். சரியான கதவைத் திறந்தால் அடுத்த அறை. தப்பான கதவைத் திறந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மறுநாள்தான். கிளிக்கு நெல் போட்டால்தான் வழிவிடும். கிணற்றில் தண்ணீர் ஊற்றினால்தான் அடியில் கிடக்கும் சாவி மிதந்து மேலே வரும். சாவி எப்படி மிதக்கும் என்று நான் கேட்டதற்கு, "எங் கோட்டையில மெதக்கும்" என்றாள் சித்தி.

திகைத்து நின்றால் துப்பு வாங்கலாம். ஒரு துப்புக்கு விலை, சித்தியின் ஒரு காலை அமுக்கிவிடுவது. படுத்தே கிடந்ததில் அவள் கால்கள் மரத்துப்போய் வீங்கியிருந்தன. அண்ணன் வெட்கமில்லாமல் துப்பு வாங்கினான். முதல் வாரத்திலேயே அவன் நாளுக்கு இரண்டு அறை தாண்டுவதைப் பார்த்து, ஒரு துப்புக்கு இரண்டு கால் என்று சித்தி விலையை ஏற்றிவிட்டாள். அவன் இரண்டு காலையும் அமுக்கினான்.

நான் துப்பு வாங்குவதில்லை என்று வைத்திருந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கடைசிவரை போக வேண்டும் என்பது என் வைராக்கியம். அதற்காகவே ஒவ்வோர் அறையையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

"நீ கெழவியாகித் தடி ஊணிக்கினுதான் அந்தக் கடைசி அறைக்கு வருவ" என்றான் அண்ணன்.

"நீ அமுக்கற அமுக்குல சித்தி கால் தேஞ்சிபோவும். அப்பறம் யாருகிட்டடா துப்பு வாங்குவ?" என்றேன்.

கட்டிலில் சித்தி சிரித்தாள். கூடத்தில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த அம்மா, "சிரிக்கவெக்காதீங்க அவள!" என்று சத்தம் போட்டாள். சிரித்தால் வயிறு குலுங்குமாம்.

கார்த்திகை இருபத்தொன்றாம் தேதி நான் இருபத்தோராவது அறையில் இருந்தேன். அண்ணன் இருபத்து நான்கில் இருந்தான். அந்த இருபத்தோராவது அறை ஒரு மண்டபம். நடுவே எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பதைப் போல ஒரு மாமரம். அதைச் சுற்றி வந்தால் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்ததோடு அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

மறுநாள் மழை. மத்தியானமே ஆட உட்கார்ந்தேன்.

"இருபத்திரெண்டு. ரெண்டு கதவு. நடுவுல மயில் நிக்குது, இடதுபக்கம் பாத்துக்கினு. என்னா பண்ற?"

மயிலை ஏற்கெனவே பார்த்த நினைவு. நோட்டைப் புரட்டினேன். இருபதாம் அறையில் இதே மயில் வலதுபக்கம் பார்த்து நின்றிருந்தது. அதன் தோகைப் பக்கமாக இடது கதவில் போனேன் என்று எழுதியிருந்தது. இப்போது தோகைப் பக்கம் வலது.

"வலது கதவு" என்றேன். திறந்தது.

இருபத்து மூன்றில் கிணறு. பத்தொன்பதில்தான் கிணறு வந்தது. அங்கே தண்ணீரை ஊற்றினேன், இங்கே மொண்டேன். இருபத்து நான்கில் கிளி. பதினெட்டில் நெல் போட்டேன், இங்கே அது வைத்திருந்த நெல்லைக் கேட்டு வாங்கினேன். எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் தறிக்கு வரும் கிராஃப் தாள்களில் பாதிப் பூதான் வரைந்திருக்கும். ஒரு மயில், அரை மரம், அவ்வளவுதான். மறுபாதியைத் தனியாக வரையமாட்டார்கள். அதையே திருப்பிப்போட்டால் எதிர் மயில் வந்துவிடும். சித்தியும் அப்படித்தான் கோட்டையில் பாதியைக் கட்டிவிட்டு மீதியைத் திருப்பிப்போட்டிருந்தாள். நான் என் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டே வந்தால் போதும்.

இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. சித்தி சொல்லி முடிக்கும் முன்பே நான் கதவைச் சொன்னேன்.

"யார்னா சொன்னாங்களாடி?"

"யாரும் சொல்லல."

முப்பதாம் அறையில் அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "போதும் கண்ணு. நாளைக்கி ஆடலாம்."

"தப்பு பண்ணாதானே சித்தி நிறுத்தணும்? நான் ஒண்ணுகூட தப்பு பண்ணலயே!"

சட்டம் அவள் போட்டது. அதனால் தாளை மறுபடி எடுத்தாள். அதன்பின் ஒவ்வோர் அறையையும் மெதுவாக, குரலை இழுத்து இழுத்துச் சொன்னாள். எனக்குத்தான் அவசரம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

"நாப்பத்தியொண்ணு. ஒரே கதவு."

"தெறக்கறேன்."

"தெறக்காது."

"ஒதைக்கறேன். இடிக்கறேன். எல்லாச் சாவியும் போட்டுப் பாக்கறேன்."

"தெறக்காதுமா. நாளு ஆவல."

நாள் ஆவதற்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்? பத்தொன்பது அறைகளை ஒரே மூச்சில், ஒரு துப்புகூட வாங்காமல் தாண்டி வந்தவளை இப்படி நிறுத்துவது அநியாயமாகப் பட்டது. தாளை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஒரு பாதியில் பச்சையும் நீலமும், மறுபாதியில் அதுவே திரும்பி. நாற்பது அறைக்கும் நிறம் இருந்தது, பக்கத்தில் பொடி எழுத்தில் விவரம் இருந்தது. மேலே உச்சியில் நாற்பத்தோராம் அறைக்கு நான்கு கோடு மட்டும் போட்டிருந்தாள். நிறம் இல்லை. ஓர் எழுத்தும் இல்லை.

தாளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். "உள்ள ஒண்ணுமே இல்லமா! சித்தி ஏமாத்துறாங்க! கடைசியில ஒண்ணுமே இல்ல!"

தறி நின்றது. அம்மா ராட்டையை விட்டுவிட்டு எழுந்து வந்து என் வாயிலேயே அடித்தாள். அதற்கு முன் அம்மா என்னை முதுகில்தான் அடித்திருக்கிறாள். "வாயக் கழுவுடி! போய் வாயக் கழுவு!" என்று கிணற்றடிக்கு இழுத்துப் போய், மழையிலேயே நிற்கவைத்து மூன்று முறை கொப்பளிக்கச் செய்தாள். அவள் ஊற்றிய வேகத்தில் சொம்புத் தண்ணீர் பாதி என் பாவாடைமேல் கொட்டியது. பிறகு அடுப்படியிலிருந்து உப்பும் மிளகாயும் எடுத்துப்போய்ச் சித்தியைச் சுற்றி நெருப்பில் போட்டாள்.

"என்னாடி கெட்ட வார்த்த சொன்ன?" என்று அண்ணன் ரகசியமாகக் கேட்டான்.

நான் சொன்னதை வார்த்தை வார்த்தையாக யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்: "கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அடி."

மறுநாள் நான் அந்த அறைப்பக்கமே போகவில்லை. சித்திதான் கூப்பிட்டனுப்பினாள்.

"துப்பு இல்லாம எப்பிடிடி வந்த?"

மயில் திரும்பி நின்றதைச் சொன்னேன். நோட்டைப் பின்னாலிருந்து படித்ததைச் சொன்னேன். சித்தி கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க நைனா புத்தி எங்க போவும்? பாதி போட்டுட்டு மீதிய திருப்பி வெச்சிட்டேன். யோசிக்கவேயில்லடி" என்றாள்.

"கடைசி அறைக்கு மட்டும் ஏன் சித்தி எதுவும் போடல?"

"அதுக்குள்ள என்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுமா."

"அப்ப துப்பு?"

"அதுக்கு மட்டும் எங்கிட்டயே துப்பு இல்ல. வாசல்ல உக்காந்துக்கினு இருக்கணும், அவ்ளோதான். உக்காருவியா?"

"எத்தினி நாளு?"

சித்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மஞ்சள் வட்டம் தெரிந்தது. கார்த்திகைக்கு இருபத்தொன்பது நாள், மார்கழியில் பன்னிரண்டு, கூட்டினால் நாற்பத்தொன்று. கணக்கில் நான் வகுப்பில் முதலாவது. ஆனாலும் அந்தக் கூட்டலை அன்று போடவில்லை.

உட்கார்ந்தேன். தினமும் சாயங்காலம் கட்டிலோரம் போய், "தெறந்துச்சா?" என்பேன். "இன்னும் இல்ல" என்பாள். அதோடு ஆட்டம் முடிந்துவிடும். இதைவிட மட்டமான ஆட்டம் இருக்க முடியாது என்று தோன்றியது. பத்து நாள் கழித்து, துப்புக்குமேல் துப்பு வாங்கி, அண்ணனும் அதே வாசலுக்கு வந்து சேர்ந்தான். இனி வாங்கத் துப்பு இல்லை என்று தெரிந்தும், பழக்கத்தில் அவன் கை சித்தியின் வலது காலுக்குப் போனது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நான் இடது காலை எடுத்துக்கொண்டேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிதானமாக மேலே எழும்பிவரும் என்பதை அன்றுதான் கண்டேன். இருபத்திரண்டு நாள் அவளோடு ஆடியும், துப்பு வேண்டாம் என்ற வீம்பில் அந்தக் காலை நான் தொட்டதேயில்லை.

மார்கழி ஐந்தாம் தேதியோ ஆறாம் தேதியோ, இந்த ஒரு தேதியை மட்டும் நான் எழுதிவைக்கவில்லை, அமுக்கிக்கொண்டிருக்கும்போது சித்தி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பேசாம இருங்க" என்றாள். கூரையைப் பார்த்தபடி உதட்டுக்குள் ஏதோ எண்ணினாள். அண்ணன் எழுந்து போய் அம்மாவைக் கூட்டிவந்தான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தறிச் சத்தம் மறுபடி நின்றிருந்தது. வெகுநேரம் கழித்துச் சித்தி என் கையை விட்டாள். "சரி. போயிடுச்சி."

"யாரு சித்தி போயிட்டாங்க?"

"யாரும் போவல கண்ணு. யாரும் போவல" என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று அவள் என்னை அடிக்கவில்லை.

மார்கழி பன்னிரண்டு வந்தது. அன்றும் கதவு திறக்கவில்லை. பதின்மூன்றும் போயிற்று. பதினான்காம் தேதி காலை நான் எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. விடியுமுன்பே குதிரை வண்டியில் வைக்கோல் பரப்பி, நடக்கும் வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார்கள் என்று அப்பா சொன்னார். கால்மாட்டுச் செங்கற்கள் மட்டும் அப்படியே இருந்தன. நானும் அண்ணனும் அவற்றின்மேல் ஏறி நின்று, கதவு இப்போது திறந்தால் நாம் இல்லாமல் யார் உள்ளே போவார்கள் என்று சண்டை போட்டோம்.

மூன்றாம் நாள்தான் எங்களை உள்ளே விட்டார்கள். ஃபினாயில் வாடை. சித்தி தலையணை வைத்து நேராகப் படுத்திருந்தாள். பல மாதம் கால் உயர்ந்து கிடக்கப் பார்த்தவள் இப்போது வேறு யாரோ போல இருந்தாள். ஆரணியிலிருந்து வந்த சித்தப்பா மூலையில் நின்று, எதற்கென்று தெரியாமல் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய குழந்தை. சிவப்பாக, முகம் சுருங்கி, அப்படியொன்றும் அழகாக இல்லை. அண்ணன் அதைப் பார்க்கப் போனான். எனக்கு வேறு வேலை இருந்தது.

"சித்தி, கதவு தெறந்துச்சா?"

சித்தி என்னைக் கிட்டே இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். "தெறந்துச்சிமா. முந்தா நாளு, பொழுது விடியசொல்ல."

"உள்ள என்னா இருந்துச்சி?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, அன்று அடித்த அதே கையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். என் வாயில் கற்கண்டு ஒட்டியிருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மறக்குமுன் நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், மற்றப் பக்கங்களைவிடக் குண்டான எழுத்தில், அந்தப் பதிவு இருக்கிறது. அதில் இன்றுவரை நான் ஒரு திருத்தமும் செய்யவில்லை:

"41ஆம் அறை. கதவு திறந்துவிட்டது. நான் துப்பு வாங்கவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். அதற்குள் குழந்தை அழுதுவிட்டது. எல்லோரும் அதைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை."