பல் இல்லாத கத்தி

எங்கள் வீட்டு அடுப்பில் மாட்டிறைச்சி ஏறியதே இல்லை. அம்மா வீட்டிலும் இல்லை, மாமியார் வீட்டிலும் இல்லை. ஆனாலும் தட்டில் இறைச்சியை அறுக்க வைக்கும் ஸ்டேக் கத்தியைப் பற்றி ஜொகூரில் இந்தக் கூலாய் வட்டாரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்த தமிழ்ப் பெண் இருப்பாளா என்பது சந்தேகம்தான். பல் வைத்தது எது, வைக்காதது எது, கைப்பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது, பீங்கான் தட்டில் எது சீக்கிரம் மழுங்கும் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

என் கணவர் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டியவர். ஒரு நாள் காலை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து சோப்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம், வலப்பக்கம். குழறிய பேச்சு இரண்டு மாதத்தில் தெளிந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்குத் தேறினார். வலக்கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. மேசைமேல் வைத்தால் விரல் மடங்கும், தடிமனான எதையாவது பிடிக்கும், தன் பக்கம் இழுக்கும். தோள் மட்டும் தூக்காது. கை வாய்வரை வராது.

இடக்கைதான் நன்றாக இருக்கிறதே, அதில் கரண்டி பிடித்துச் சாப்பிடலாமே என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுக்கும் சீனப் பெண் சொன்னாள். அவளை ஒன்றும் சொல்லாமல் அவர் என்னை முறைத்தார்.

“பீச்சாங்கையில சோறு திங்கச் சொல்றியா?”

நான் எங்கே சொன்னேன்? ஆனால் எனக்கும் புரிந்தது. கழுவுகிற கை ஒன்று, உண்கிற கை ஒன்று. சின்ன வயதில் தட்டுக்கு இடக்கையை நீட்டிப் புறங்கையில் அடி வாங்காத பிள்ளை எங்களில் யார்? ஐம்பத்தெட்டு வயதில் அதை மாற்று என்றால் மாறிவிடுமா? ஆகவே நான் ஊட்டினேன்.

ஊட்டும்போது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று என் தங்கை ஒருமுறை போனில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. உண்மை அதுதான். பிசைவது, உருட்டுவது, வாய் திறக்கும்வரை காத்திருப்பது, துடைப்பது. செனாய் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து சின்னச் சின்னச் சர்க்யூட் பலகைகளைப் பார்த்தவள் நான். கை பாட்டுக்குக் கை வேலை செய்ய, மனசு எங்கேயும் போகாமல் சும்மா கிடப்பது எனக்கு முன்பே பழக்கம். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. டிவியில் ஏதாவது ஓடும். அவர் டிவியைப் பார்ப்பார், நான் அவர் வாயைப் பார்ப்பேன்.

ஒன்பதாவது மாதத்தில், சிங்கப்பூருக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வரும் எங்கள் மகன், தான் விரும்பும் பெண்ணின் அப்பா அம்மா யோங் பெங் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர விரும்புவதாகச் சொன்னான். இன்னும் இரண்டு மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“வரட்டும்” என்றார் இவர். “நான் ரூம்ல இருந்துக்கிறேன். அப்பா லாரியில வெளியூரு போயிட்டாருன்னு சொல்லிடு.”

“அப்பா, அவங்க உங்களத்தான் பாக்க வராங்க. உங்களுக்கு முடியலன்னு அவங்களுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா தெரியட்டும். எனக்கு ஊட்டிவிடுறத அவங்க உக்காந்து பாக்க வேணாம்.”

மகன் வெளியே போய், காலையில்தான் துடைத்த மோட்டார் சைக்கிளைத் திரும்பவும் துடைத்தான். பேச்சு கூடிவந்தால்தான் பெண் வீட்டார் ஒரு வீட்டில் கை நனைப்பார்கள். அப்படி நனைக்கும்போது வீட்டுக்குப் பெரியவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் உள்ளே படுத்திருக்க, வந்தவர்கள் கூடத்தில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவன் கல்யாணம் இவருடைய கை வாய்க்குப் போவதில் வந்து நின்றது.

யோசனை சொன்னவனும் அவன்தான். “வெஸ்டர்ன் சாப்பாடு பண்ணிடுவோம்மா. சிக்கன் சாப். அதுக்கு எல்லாருமே ஃபோர்க்தானே?”

சிக்கன் சாப் என்றால் எலும்பெடுத்துப் பொரித்த கோழித்தொடைமேல் மிளகுக் குழம்பு ஊற்றித் தருவது. சரி என்று பேரங்காடியில் ஆறு கத்திகள் உள்ள பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். மரக் கைப்பிடி, ரம்பம் மாதிரி பல். நல்ல கை இடக்கை, ஆகவே அதில் கத்தியைக் கொடுத்தேன். கை எட்டாத தூரத்தை அதன் நீளம் சமாளிக்கும் என்று முள்கரண்டியை வலக்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டேன். வாய்க்குப் போகிற எதுவும் வலக்கையில்தான் இருக்கவேண்டும். அது எங்களுக்கு யோசிக்கிற விஷயமே இல்லை. கடையில் சிக்கன் சாப் சாப்பிட்டாலும் முதலில் முழுசாக வெட்டிப்போட்டு, கத்தியை ஓரம் வைத்து, முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு சாப்பிடுகிற ஆட்கள்தான் நாங்கள். இடக்கையால் சிரமப்பட்டு ஒரு துண்டு அறுத்தார். வலக்கை அதைத் தூக்கியது. நெஞ்சுவரைகூட வரவில்லை, துண்டு கைலியில் விழுந்தது.

“போதும்” என்றார். மீதியை நான் ஊட்டினேன்.

அடுத்த வாரம் பயிற்சி முடிந்து மருத்துவமனையின் கீழே உள்ள உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியில் அவர் சாப்பிடுவதில்லை. உறிஞ்சுகுழல் போட்டு, பால் சேர்க்காத தேநீரான தே ஓ மட்டும் குடிப்பார். பக்கத்து மேசையில் டை கட்டிய ஒருவர் சிக்கன் சாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் என் கையைத் தட்டினார்.

“அங்க பாரு. பீச்சாங்கையில திங்கிறான்.”

பார்த்தேன். முள்கரண்டி இடக்கையில், கத்தி வலக்கையில். ஒரு துண்டு வெட்டுவார், அப்படியே இடக்கையால் வாயில் போடுவார். மாற்றவே இல்லை.

“யாரும் ஒண்ணும் சொல்லல பாரேன்.”

“அந்தச் சாப்பாட்டுக்கு அதுதாங்க முறை” என்றேன், ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் மாதிரி. அந்த ஆள் எழுந்து போகும்வரை இவர் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கைகளை மாற்றிக் கொடுத்தேன். இடக்கை முள்கரண்டியோடு வாய்க்குத் தாராளமாகப் போனது. அவருக்கு வெட்கமாக இருந்ததா என்று தெரியவில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு அதுதான் முறை என்றானதும், முறையை மீறுகிறோம் என்ற எண்ணம் போய்விட்டது. இப்போது தகராறு கத்தியில். பல் வைத்த கத்தி முன்னும் பின்னும் போனால்தான் அறுக்கும். அவருடைய வலக்கை இழுக்கும், தள்ளாது. ஒரு முறை இழுத்ததுமே பல் இறைச்சியில் மாட்டிக்கொண்டு கோழியும் தட்டும் சேர்ந்து அவர் மடிக்கு வரப் பார்த்தன. அறுந்த இடமும் கிழிந்த துணி மாதிரி பிசிறடித்தது. பல் இல்லாமல், ஒரே இழுப்பில் வெட்டுகிற கத்தி வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் அப்போது தெளிவாகத் தெரிந்தது.

கிடைக்கவில்லை. ஜொகூர் பாருவில் மூன்று பேரங்காடிகள் ஏறி இறங்கினேன். ஸ்டேக் கத்தி என்று எழுதியிருந்த எல்லாவற்றிலும் பல். கடைசியில் கூலாயிலேயே, உணவகங்களுக்குச் சட்டி பானை விற்கும் ஒரு சீனர் கடைக்குப் போனேன். கடை முதலாளியான தௌக்கே வயதானவர். அவரும் பல் வைத்ததையே எடுத்துப்போட்டு, இதைத் தீட்டவே வேண்டாம், பல வருடம் ஓடும் என்று மலாய் மொழியில் சொன்னார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதற்காகத்தான் இதை வாங்குகிறார்களாம். நான் முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினேன். இப்படி மட்டும்தான் முடியும் என் வீட்டுக்காரருக்கு என்றேன். அவர் உள்ளே போய் மூன்று பெட்டிகளோடு வந்தார்.

நான் வீட்டிலிருந்தே பொரித்த கோழித்தொடை ஒன்றை டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். அதைத் திறந்ததும் தௌக்கே, “அலமாக்!” என்று வியந்து சிரித்தார். ஆனால் ஒரு பலகையும் எடுத்துக் கொடுத்தார். முதல் கத்தி நல்ல கூர், ஆனால் கைப்பிடி பென்சில் தடிமன்தான், முழுசாக மடங்காத விரலில் நிற்காது. இரண்டாவதில் இரும்பு கைப்பிடிக்குள் பாதிதான் போகிறது என்று அவரே சொன்னார். லேசாக இருந்தது, அழுத்தினால் ஆடியது. மூன்றாவதில் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓடியது, மூன்று ஆணிகள் அடித்திருந்தார்கள். கையில் கனம் தெரிந்தது. முனைப் பக்கம் கொஞ்சம் மேலே வளைந்திருந்ததால், மணிக்கட்டைத் தூக்காமல் இழுத்தாலும் வெட்டு அடிவரை இறங்கியது. முழங்கையை ஒட்டவைத்துக்கொண்டே இழுத்தேன். தொடை தோலோடு சுத்தமாகப் பிரிந்தது.

தீட்டவேண்டும், மறக்கக்கூடாது என்று தௌக்கே இரண்டு முறை சொன்னார். பீங்கான் தட்டில் வெட்டக்கூடாது. கழுவும் தொட்டியில் மற்ற பாத்திரங்களோடு போட்டு ஊறவைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்று போதுமா என்றார். ஆறு என்றேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தனிக் கத்தி வைத்தால் அவர் மேசைக்கு வரமாட்டார் என்பதைத் தௌக்கேயிடம் விளக்கவில்லை.

மகன் சிங்கப்பூரிலிருந்து ஆறு மரத்தட்டுகள் வாங்கி வந்தான். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்தேன். தினமும் சாயங்காலம் ஒரு தொடை. சனிக்கிழமைகளில் பீங்கான் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான அடி விளிம்பில் கத்திகளைத் தீட்டினேன். முதலில் ஒரு துண்டுக்கு ஐந்து இழுப்பு, பிறகு மூன்று, பிறகு இரண்டு. நான் பாராட்டவில்லை. பாராட்டினால் நிறுத்திவிடுவார். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், அதுவும் இல்லை. கத்தி வேலை செய்கிறது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் யோங் பெங்கிலிருந்து பெண்ணும் அப்பா அம்மாவுமாக மூன்று பேர் வந்தார்கள். இவர் சட்டை போட்டு, தலை வாரி, எல்லோருக்கும் முன்பாகவே மேசையில் உட்கார்ந்துவிட்டார். தான் காலை இழுத்து நடப்பதை அவர்கள் பார்க்கக் கூடாதாம். பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்தார். முள்கரண்டியை வலக்கையில் எடுத்தவர், இவர் இடக்கையில் பிடித்திருப்பதைப் பார்த்தார். இந்த வீட்டில் எல்லாம் முறைப்படி போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, சத்தமில்லாமல் தானும் கை மாற்றிக்கொண்டார். அவருக்குத்தான் அன்று துண்டுகள் தவறித் தவறி விழுந்தன. இவர் இழுத்தார், வெட்டினார், வாயில் போட்டார். மகன் தன் தட்டையே தொடாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது துண்டை விழுங்கியதும் இவர் கத்தியைத் தட்டோரம் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“உப்பு ஜாஸ்தி.”

“ஐயோ, இல்லண்ணே, சரியாத்தான் இருக்கு” என்று பெண்ணின் அம்மா அவசரமாகச் சொன்னார். நான் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டேன். கரிப்பு. மிளகுக் குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டிருக்கிறேன். முதல் தடவை போட்டதும் ஞாபகமில்லை, இரண்டாவது தடவை போட்டதும் ஞாபகமில்லை. பெண்ணின் அப்பா தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அடுத்த மாதம் நாங்கள் அவர்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். மகன் அவர்களைக் கார்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்ப வெளியே ஓடிவிட்டான்.

நான் கத்திகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நோய் வருவதற்கு முன்பு உப்பு ஒரு சிட்டிகை ஏறினாலும் தட்டைத் தள்ளிவிடுகிற மனிதர் இவர். இந்தப் பதினொரு மாதத்தில் ஒரு நாளும் அந்தப் பேச்சு வரவில்லை. அதை அப்போதுதான் யோசித்தேன். அவருடைய நாக்கும் மாறிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இன்னிக்கு மட்டுந்தானா?” என்றேன்.

“ரொம்ப நாளாவே. ஒரு நாள் உப்பே இருக்காது. ஒரு நாள் ரெண்டு தடவ விழுந்திருக்கும். போன மாசம் ரசத்துல சீனி போட்டிருந்த.”

அந்த ரசத்தை நானும்தான் சாப்பிட்டிருக்கிறேன், ருசியே தெரியவில்லை. “சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“எப்படிச் சொல்றது? ஊட்டுறவ நீ. நான் ஏதாச்சும் சொல்லப் போயி, நீ தட்டக் கீழ வெச்சிட்டு எழுந்து போயிட்டா?”

போயிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது நிச்சயமாக எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இருந்த பயம் நியாயமான பயம்தானோ என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. கையில் கத்தி, குழாயில் தண்ணீர், இரண்டையும் நிறுத்தத் தோன்றாமல் அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.