என் லினக்ஸும் அண்ணனின் ஆட்டமும்

தொழிற்சாலையில் எனக்கு மேலே வேலை பார்த்தவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மதிய இடைவேளையில் கேண்டீனில் மேசைப்பந்து ஆடுவோம். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார், ஜெயித்துவிட்டு வாய் வேறு. மூளையில் கட்டி என்று தெரிந்ததும் வேலையை விட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் வீட்டோடு இருந்தார். கைகள் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த மேசைப்பந்தையே அவர் ஒரு மின்சுற்றாக எழுதியிருந்தார். எஃப்பிஜிஏ சில்லு, நாம் எழுதிக் கொடுக்கும் சுற்றாகவே மாறிக்கொள்ளும். அந்தச் சில்லு உள்ள பலகையை டிவியோடு இணைத்தால், ஆளுக்கொரு பட்டனை அழுத்தி ஆடலாம். அதைச் சில்லில் ஏற்றும் மென்பொருள் இருந்த கணினியைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், ஒரு சனிக்கிழமை பலகையையும் ஆட்டத்தின் கணினிக் கோப்பையும் என்னிடம் தந்தார்.

"கை நல்லா இருக்கும்போதே ஒரு ஆட்டம் ஆடிரலாம் தம்பி. சீக்கிரம் ஏத்திக் கொண்டா லா."

ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்கு வந்து மென்பொருளை நிறுவப் பார்த்தால், என் கணினியில் இருந்த லினக்ஸ் வகை, அது ஏற்கும் இயங்குதளங்களின் பட்டியலிலேயே இல்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அவங்க சொல்ற லினக்ஸயே போடேன்லா. அரை நாள் வேலை."

"வேணாண்ணே. இதுலயே ஓட வச்சிக் காட்டுறேன்."

அந்த லினக்ஸைப் பற்றி ஆபீசில் நான் அடிக்காத பெருமை இல்லை. வீம்பு, வேறென்ன.

லினக்ஸின் பெயர் இருக்கும் கோப்பைத் திருத்தி, பட்டியலில் உள்ள லினக்ஸ் போலக் காட்டினேன். நிறுவும் நிரல் நம்பியது. முடியும் தறுவாயில் அசையாமல் நின்றது. அதற்குத் தேவையான பழைய துணைக் கோப்பு ஒன்று இல்லையாம். புதியதற்குப் பழைய பெயரை வைத்து ஏமாற்றினேன். நிறுவல் முடிந்தது, ஆனால் அண்ணனின் கோப்பைத் திறந்ததும் மென்பொருள் படுத்துவிட்டது. வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும் இதே கதை.

அவர் தினமும் போனில் கேட்டார். "ஏறிடுச்சா?"

"நாளைக்குண்ணே."

புதன்கிழமையிலிருந்து போன் வரவில்லை. தொந்தரவு இல்லை என்று நிம்மதிகூடப் பட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை மென்பொருள் ஓடி, ஆட்டம் பலகையில் ஏறிவிட்டது. அண்ணனுக்குச் சொல்வதற்கு முன்பே, எப்படிச் செய்தேன் என்று இணையத்தில் எழுதிப் போட்டேன்.

மறுநாள் காலை கடல் பாலத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன். படுக்கையில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பேச்சு போயிருந்தது. பலகையை டிவியில் இணைத்தேன். அவர் மனைவி பட்டனை அவர் கையில் வைத்து, விரலை அதன்மேல் பொருத்தினார். விரல் அழுத்தவில்லை. பந்து அவர் பக்கம் போய்க்கொண்டே இருந்தது, எனக்குப் புள்ளிகள் ஏறிக்கொண்டே இருந்தன. அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் வயரைப் பிடுங்கினேன்.

கிளம்பும்போது அவர் மனைவி கார் வரைக்கும் வந்தார்.

"செவ்வாக்கிழம வரைக்கும் விரல் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நீங்க வருவீங்கன்னு டிவி ரிமோட்ட அமுக்கி அமுக்கிப் பழகிக்கிட்டே இருந்தாரு."