தண்ணீர் போன பக்கம்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. உக்குவளையில் எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் குந்தியிருக்க வேண்டும். அந்த வீட்டின் பின்னறையில், அரிசி வாளிக்கும் அம்மாவின் தையல் மெஷினுக்கும் நடுவே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு நான் தென் துருவக் கடலை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தம்பிக்கு இது தீராத வேடிக்கை. "எங்க அக்கா கால் நனைக்கக்கூட கடலுக்குப் போனதில்ல. ஆனா அண்டார்ட்டிக்காவுல தண்ணி எங்க போகுதுன்னு கேட்டுப் பாருங்க, வீட்டு நம்பரோட சொல்லுவா" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போடா என்பேன். அவன் சிரித்துக்கொண்டே லொறியை எடுத்துக்கொண்டு கலேவெலைக்கு மரக்கறி ஏற்றப் போய்விடுவான்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என் வேலை அதுதான். பல்கலைக்கழகம் வெளிநாட்டில் இருந்தது. பெரிய கணினியும் அங்கேதான். ஆய்வை எழுதி முடிப்பதற்காக வீட்டுக்கு வந்து, இங்கிருந்தபடியே இணையம் வழியாக அந்தக் கணினிக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தேன். கணினிக்குள் கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு குளிர், எவ்வளவு உப்பு, எந்தப் பக்கம் நகர்கிறது என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் நான் புள்ளிகளை விடுவேன். ஒரு புள்ளி என்றால் ஒரு பங்கு தண்ணீர். துருவத்தில் கடல் உறையும்போது உப்பு பிரிந்து வெளியே வரும். உப்பு கூடிய குளிர்ந்த நீர் கனத்து அடிக்கு இறங்கி, தரையோடு தரையாக வடக்கே ஊர்ந்து, எத்தனையோ தலைமுறை கழித்து நம்முடைய வங்காள விரிகுடாவின் ஆழத்துக்கு வந்து சேரும். என் புள்ளிகள் எந்த வழியாக வந்தன என்று பார்ப்பதில் நான் கெட்டிக்காரி. அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற வருடம் தம்பியின் லொறி முற்றத்திலேயே நின்றது. மூன்று மாதம் பொறுத்தான். பிறகு, சிநேகிதன் ஒருவனோடு கொழும்பில் வேலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். போனது கொழும்புக்கு அல்ல. மேற்குக் கரையில் ஒரு மீன்பிடிப் படகில் ஏறி, பிழைப்புத் தேடிக் களவாக, தெற்கே பிரெஞ்சுக்காரர்களின் தீவு ஒன்றுக்கு. அது எங்களுக்குத் தெரிந்ததே அவன் கடலிலிருந்து பேசியபோதுதான்.

அன்றைக்கு நான் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் பேராசிரியருடன் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா கதவைத் திறந்து போனைக் காட்டினாள். ஐந்து நிமிடம் என்று கையை விரித்துக் காட்டினேன். அம்மா திரும்பிப் போனாள். படகுக்காரரின் சாட்டிலைட் போனில் தம்பி பேசியிருக்கிறான். எஞ்சின் நின்றுவிட்டது, எல்லோரும் நல்லபடி இருக்கிறோம், தண்ணீர் இருக்கிறது, பயப்படாதே என்று சொல்லியிருக்கிறான். பிறகு இரண்டு எண்களைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். அம்மா அவற்றைக் கலண்டரில் பென்சிலால் எழுதினாள்.

"இத அக்காகிட்ட குடு, அவளுக்கு வெளங்கும்னான்" என்றாள் அம்மா. படகு நின்ற இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் அவை. நான் திரும்ப எடுத்தபோது அந்தச் சாட்டிலைட் போன் வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு வேலை செய்யவே இல்லை.

சொல்ல வேண்டிய எல்லா இடத்துக்கும் சொன்னோம். அந்தப் படகில் போன மற்றவர்களின் வீட்டாரை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தோம். அவர்களில் ஒருவர் மேற்குக் கரையில், நாட்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கும் பலநாள் படகு வைத்திருந்த மீனவர். அவருடைய அக்கா மகனும் தம்பியோடு போயிருந்தான். தேடப் போகிறேன் என்றார். டீசல் சேர்க்கவே அவருக்கு ஐந்து நாள் ஆயிற்று. சேர்ந்த டீசலும் ஒரு பக்கம் போய் வரத்தான் காணும். இரண்டு பக்கம் தேடுவதற்கு இல்லை.

அந்த ஐந்து நாளும் நான் தூங்கவில்லை. உலகத்துக் கடல்களின் நீரோட்டக் கணக்கு இணையத்தில் கிடைக்கும். துருவத்துக்காக எழுதிய என் நிரலை எடுத்து நம் கடலில் போட்டேன். தம்பி கொடுத்த இடத்தில் பத்தாயிரம் புள்ளிகளை விட்டு, நாள் நாளாக ஓட்டினேன். எல்லாம் ஒன்றாகத் தென்கிழக்கே போயின. அவ்வளவு தெளிவான விடை என் ஆய்வில்கூட வந்ததில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா திரையில் கையை வைத்து, இதில் எது நம் பிள்ளை என்று கேட்டாள்.

மீனவருக்குப் போன் எடுத்தேன்.

"தென்கிழக்கா?" என்றார் அவர். "தென்மேக்கால கச்சான் காத்து அடிக்குதே தங்கச்சி. இந்தக் காத்துக்குப் படகு வடக்காலதான் தள்ளும். காத்தையும் சேத்துத்தானே பாத்தீங்க?"

"காத்தும் அதுக்குள்ள இருக்குங்க அண்ணே" என்றேன். குரலில் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்திருக்கும்.

அவர் அந்த இரண்டு எண்களையும் இன்னொரு தரம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "சரி தங்கச்சி, நீங்க சொல்ற பக்கமே போறேன்" என்றார். தென்கிழக்கே போனார். நான்கு நாள் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு முன்பு, யார் யாருக்காகப் பூசை என்று பெயர் வாசிப்பார்கள். நோயாளிகள், பயணத்தில் இருப்பவர்கள், இறந்தவர்கள் என்று வரிசை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தம்பியின் பெயரைப் பயணத்தில் இருப்பவர்களோடு கொடுத்தாள். பக்கத்து வீட்டார் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். சாமியாரும் சொல்லிப் பார்த்தார். "மக சொன்ன பக்கம் போயிருக்கான். அந்தப் பக்கம் தீவுங்க இருக்காம்" என்று அம்மா பதில் சொல்வாள். தீவுகள் இருப்பதாகச் சொன்னது நான்தான். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

போன வருடம் என் ஆய்வின் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். அது கடலில் மிதக்கும் பனியைப் பற்றியது. பனியும் அதன் அடியில் இருக்கும் தண்ணீரும் ஒரே பக்கம் போவதில்லை. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் காற்று தனியாகப் பிடித்துத் தள்ளும். அதனால் பனிக்கு வேறு கணக்கு, தண்ணீருக்கு வேறு கணக்கு. ஆறு வருடமாக எனக்குத் தெரிந்த சங்கதி இது. சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரி தினமும் செய்கிற காரியம். அந்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது என் கை நின்றது.

காற்று உள்ளே இருக்கிறது என்று நான் மீனவரிடம் சொன்னது பொய்யல்ல. தண்ணீரைத் தள்ளும் காற்று அந்தக் கணக்குக்குள் இருந்தது. படகைத் தள்ளும் காற்று அதில் இல்லை. என் தம்பியை நான் ஒரு பங்கு தண்ணீராக விட்டிருந்தேன். அவன் தண்ணீருக்கு மேலே, ஒரு படகில், காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தான்.

படகுக்கான காற்றையும் சேர்த்துத் திரும்ப ஓட்டினேன். புள்ளிகள் வடக்கே வந்தன. முக்கால்வாசிக்கு மேல் நம் கரையை நோக்கி, வீட்டுப் பக்கமாக வந்தன. நான் மேசையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதேன்.

முதலில் மீனவருக்குச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "எனக்கு அன்னைக்கே மனசுக்குள்ள இருந்துச்சி தங்கச்சி" என்றார். "படிச்சவங்க சொல்றாங்களேன்னுதான் போனேன்." எனக்கு அவர் மேல்கூடக் கோபம் வந்தது. முப்பது வருடம் கடலில் கிடந்த மனிதர், கடலில் கால் நனைக்காதவளின் பேச்சை ஏன் கேட்க வேண்டும்? அதையும் அவரிடமே கேட்டேன். "நம்ம புள்ளைங்க விசயத்துல நான் துணிஞ்சி பிழை விட ஏலுமா?" என்றார்.

அம்மாவிடம் சொல்ல இரண்டு வாரம் பிடித்தது. அவள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பனியைப் பற்றி, காற்றைப் பற்றி, டீசல் ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்ததைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அம்மா அந்தத் தேங்காயை முழுவதும் துருவி முடித்தாள். பிறகு, "ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வெள்ளனவே போவம்" என்றாள்.

கோயில் அலுவலகத்தில் பூசைக்குப் பெயர் பதியும் புத்தகத்தை அங்கிருந்த பெண் எங்களிடம் தள்ளினாள். அம்மா இறந்தவர்களுக்கான பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். பெயரை நான் எழுதினேன். அடுத்த கட்டம் இறந்த தேதி. நான் அம்மாவைப் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு நாள்தான், அவன் பேசிய நாள். அதை எழுதப் போனேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "அது வேணாம். அன்னைக்கி எங்கூட பேசினான்ல, நல்லாத்தான் இருந்தான்."

"அப்ப என்னைக்கிம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறாள். "அந்த மனுசன் தேடப் போனாரே, அதுக்கு முந்தின நாள் போடு."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. முந்தின நாளே அவன் செத்திருந்தால், படகை எந்தப் பக்கம் அனுப்பியிருந்தாலும் ஒன்றுதான். நான் அவனைத் தவறவிட்டதாக ஆகாது. இரண்டு வருடம் ஒரு ஞாயிறு விடாமல் மகனை உயிரோடு வைத்திருந்தவள், எனக்காக அவனை அந்த நாளில் சாகக் கொடுக்கிறாள்.

"இல்லம்மா, அவன் அதுக்குப் பொறகும் இருந்திருப்பான். தண்ணி இருந்துச்சின்னு சொன்னானே" என்றேன்.

"எழுது" என்றாள் அம்மா.

என்னால் எழுத முடியவில்லை. அம்மா பேனாவை என் விரலிலிருந்து எடுத்து, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடி இல்லாமல் குனிந்து தேதியைத் தானே எழுதினாள்.