சீவரத்தினத்தின் கை அளவு

மானிப்பாயில் சைக்கிள் கடைச் சீவரத்தினம் என்றால் தெரியாத ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவர். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரு ஸ்பானரும் ஒரு காற்றுப் பம்பும்தான். இன்றைக்கு ரோட்டோரம் மாபிள் போட்ட கடை. யாருடைய காலையும் பிடித்து அவர் அதைக் கட்டவில்லை. படித்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆளைப் பார்த்துச் சைக்கிள் கொடுக்க அவரை விட்டால் வலிகாமத்தில் வேறு யார்?

அவருடைய அளவு கை அளவு. வாங்க வருபவர் பெடல் சுழலும் அச்சில் நடுவிரலை வைத்துக் கையை நீட்ட வேண்டும். சீற் அக்குளுக்கு வந்தால் சரி. நாடாவும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். பெண்களின் காலை அளக்கிற வெட்கக்கேடும் இல்லை.

ஜெசிதாவுக்கும் அப்படித்தான் கொடுத்தார். குருநகர்ப் பெண். புருசன் படகில் விழுந்து முதுகு அடிபட்டுப் படுத்த பிறகு, மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டி மானிப்பாய் வீடுகளுக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கியவள். பாரம் தாங்க வேண்டும் என்று சீற்றுக்கு முன்னால் குறுக்கே பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான் கேட்டாள். அவளுக்கு நீளக் கை. இருபத்திரண்டு அங்குலப் பிறேம் போட்ட சைக்கிள்தான் என்று சீவரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

வாங்கிய இரண்டாம் வாரம் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். முழங்கையில் தோல் இல்லை. பெட்டிக்குள் சூடை மீன் மணலோடு கிடந்தது.

“அண்ணை, இதை எடுங்கோ. எனக்கு வேண்டாம்.”

“என்ன பிள்ளை, சைக்கிளிலை என்ன பிழை?”

“ஒவ்வொரு வீட்டுப் படலையிலையும் நிக்கவேணும். நிண்டால் கால் நிலத்திலை முட்டுதில்லை. பெட்டியோடை சரியிறன். இனி ஒருக்கால் விழுந்தால் யாவாரத்தை விட்டிடுவன்.”

“சீற்றை இறக்கி விடுறன்.”

“சீற்றை இறக்கினால் பார் இறங்குமே?”

“முப்பது வருசமா அளக்கிறன். ஒருத்தரும் விழேல்லை.”

“விழுந்தவை வந்து சொல்லேல்லையாக்கும்.”

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி இராசமலர் சிரித்துவிட்டாள். “இஞ்சாருங்கோ, சைக்கிள் ஓடுறது காலாலை. பிள்ளையை இங்கை விடுங்கோ.”

அவள் ஜெசிதாவை அறைக்குள் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிறுத்தினாள். தடித்த மட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கிடையில் மேலே முட்ட வைத்து, சுவரில் பென்சில் கோடு போட்டு, தையல் நாடாவைப் பிடித்தாள்.

“இருபத்தேழு அங்குலம்!”

வெளியே சீவரத்தினம் நிலத்திலிருந்து பாரை அளந்தார். முப்பத்தொன்று. மறுபடி அளந்தார். அதே முப்பத்தொன்று; அவள் காலைவிட நாலு அங்குலம் கூட. காற்றடிக்க வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னேரத்துக்குள் கதை சந்தி முழுக்கப் போய்விடும்.

“என்ன அண்ணை, முகம் கறுக்குது?” என்றார் ஒருவர்.

சீவரத்தினம் கடைக்குள் போனார். பின்சுவரில் சின்னச் சில்லு போட்ட, பதினெட்டு அங்குலப் பிறேம் ஒன்று தொங்கியது. இறக்கினார். பாரை அளந்தார்: இருபத்தாறு. மீன்பெட்டிக் கரியரைக் கழற்றி அதில் பூட்டினார்.

ஜெசிதா ஏறிச் சந்திவரை போய்த் திரும்பி, கடை வாசலில் பிரேக் பிடித்து, சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கினாள். இரண்டு பாதமும் தார் ரோட்டில் பதிந்தன. பெட்டி அசையவில்லை.

“நிக்கிறன் அண்ணை!”

“நிக்காமல்? ஆர் குடுத்த சைக்கிள்?” என்றார் சீவரத்தினம், அந்த இருவரையும் பார்த்து.

“அளந்தது அக்காவெல்லே?” என்றாள் ஜெசிதா, உள்ளே இராசமலர் பக்கம் கையைக் காட்டி.

சீவரத்தினம் ஸ்பானரைத் துடைத்தார்.

“ஓம். அளந்தது அவதான்.” பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “பூட்டினது நான்.”